பத்தொன்பது நிமிடம்

ராத்திரி பத்தரைக்கு ஏழாம் பாகம்.
வள்ளியூர்க் கேபிளில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும்
விண்கலத்தின் பெயரை வாசிக்க முடிந்தது.

"வெளியே வெற்றிடம்" என்றான் கலத்தின் தலைவன்.
வாய் மூடவில்லை,
உய்யென்று காற்றுச் சத்தம்.
சிரித்துவிட்டேன்.
காற்றாடிக்குக் கிரீஸ் வைக்கிறவன் நான்.
ஆடி மாசம் பணகுடிக்கு மேற்கே
எண்பது மீட்டர் உயரத்தில், இடுப்பில் கயிற்றோடு,
அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து
புளிச்சோறு தின்றவன்.

பிறகு அந்த போல்ட்.
கலத்தின் உயிரே அதில்தான் என்கிறார்கள்.
கண்மை கலையாத ஒருத்தி
வெறுங்கையால் திருகிவிட்டு வேர்வையைத் துடைக்கிறாள்.
எங்கள் கிங்ஸ்லி சார் பார்த்திருந்தால்
மூணு நாள் சம்பளத்தைப் பிடித்திருப்பார்.

வேற்றுக்கோள்காரன் வந்தான்.
டப்பிங்கில் அவனுக்குச் செந்தமிழ்:
"அஞ்சற்க மானிடரே."
பீடி இலை வெட்டிக்கொண்டிருந்த ஜெபராணி
கத்திரியை நிறுத்தாமலே கேட்டாள்:
"இவன் எந்தப் பள்ளிக்கொடத்துல படிச்சாம்?"

அப்போதே அணைத்திருக்கலாம்.
ரிமோட்டைக் கையில் எடுத்தும்விட்டேன்.

அந்நேரம் அந்தப் பெண்
பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பினாள்.
பெரிய கேள்வி ஒன்றுமில்லை.
"மூன்றாம் வால்வை மூடிவிட்டீர்களா?"
போகப் பத்தொன்பது நிமிடம், வரப் பத்தொன்பது.
வசனமில்லை, வயலின் இல்லை.
முகம் மட்டும்.
வால்வின் மேல் வைக்காத கை மட்டும்.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

போன வருசம், காற்றாடியின் தலைக்குள் குனிந்து
வாக்கி டாக்கியில் கேட்டேன்,
"தவசிக்கனி, பிரேக் போட்டாச்சா?"
இரைச்சல். ஒன்று, இரண்டு, மூன்று.
"போட்டாச்சுண்ணே."
பல்சக்கரத்தில் கையை வைத்தேன்.
அது தவசிக்கனி இல்லை.
நாற்பத்தொன்றாம் நம்பர் காற்றாடியில் எவனோ
வேறு எவனுக்கோ சொன்ன பதில்.
சக்கரம் அசைந்தபோது
கை ஏன் வெளியே இருந்தது?
மூக்கு அரித்தது, சொறிய எடுத்தேன்.
அவ்வளவுதான்.

திரையில் பதில் வந்தது.
வராமலே முடித்திருக்கலாம்.
வந்ததோடு விட்டார்களா,
வேற்றுக்கோள்காரன் தோளில் கை வைத்து
நம்பிக்கையைப் பற்றி நாலு நிமிடம் பேசினான்.
விட்ட வயலினை எல்லாம் சேர்த்து வாசித்தார்கள்.
நல்லதொரு ஒரு நிமிடத்தை
இப்படியும் பாழாக்க முடியுமா?
எழுதினது ஒருத்தன், முடித்தது இன்னொருத்தன் போல.

"நல்லாருந்துச்சா?" என்றாள்.
"பாதி."
"எந்தப் பாதி?"

கத்திரி நின்றிருந்தது.
என் கையைத்தான் பார்த்தாளோ, ரிமோட்டைப் பார்த்தாளோ.

"வெற்றிடத்துல காத்து அடிக்காதுல்லா,
அது தெரியல அவனுவளுக்கு" என்றேன்.