சுழி

"இந்தக் காணொளி உங்கள் பகுதியில் கிடைக்காது."

இரவு ஒன்றே கால். ஆலை ஆய்வுக்கூடத்தில் நானும்
எண்ணெய் மாதிரிகள் பதினொன்றும்.
லாபீஸ் முழுக்க மழை.
துத்தநாகக் கூரைமேல் யாரோ
ஓயாமல் சில்லறை எண்ணுகிறார்கள்.

கொதிகலன் பார்க்கிற அஸ்ரிதான் சொன்னான்:
"வி.பி.என். போடுங்க, காக்."
அவன் அதில் பந்து பார்க்கிறான்.
இலவசம், நாளைக்கு ஐந்நூறு எம்.பி.
ஒரு விரல் வைத்தேன்.
சிலிப்பரைக்கூடக் கழற்றாமல்
அமெரிக்காவில் இறங்கிவிட்டேன்.

அங்கேயும் வாசலில் ஒரு கேள்வி நின்றது.
உங்கள் உள்ளூர் நிலையம் எது, அஞ்சல் எண் என்ன?
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், 85300.
தண்ணீர் பில்லில், அப்பாவின் இறப்புச் சான்றிதழில்,
திருப்பி அனுப்பிய சுடிதார்ப் பொட்டலத்தில்
எல்லாம் அதுதான்.
ஏற்கவில்லை.
கடைசிச் சுழியை அழித்து ஒன்று போட்டேன்.

அரிசோனா என்றது. வருக என்றது.
அங்கே நேற்றுக் காலை பத்தே கால்,
முப்பத்தெட்டு பாகை, மேகமே இல்லை.
முழங்கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பொய்யா? ஒன்றே ஒன்று கூட்டினேன்.
இந்த ஆலையின் எடைமேடையில்
இதைவிடப் பெரிய ஒன்றுகள் கூடியிருக்கின்றன.

படம் மகரந்தம் பற்றியது.
தேனீ வந்தது, வௌவால் வந்தது,
ராத்திரியில் மட்டும் பூக்கிற ஏதோ ஒரு கள்ளி வந்தது
(அது அரிசோனாக்காரி, என் புது ஊர்க்காரி).
இருபத்தொன்பதாம் நிமிடத்தில்
எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய கூன்வண்டு ஒன்று
கேமரூனிலிருந்து கிளம்பியது.
அடைத்து வைத்தார்கள், ஆராய்ந்தார்கள்,
எண்பத்தொன்றில் கொண்டுவந்து விட்டார்கள்,
"ஜொகூரில்" என்றார் விவரிக்கிறவர்,
சூடான கிழங்கை வாயில் புரட்டுகிற மாதிரி.

நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

வண்டு வருவதற்கு முன்?
பழைய படத்துணுக்கு, நிறம் வெளுத்தது.
செம்பனை வரிசை. கைலி, முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.
ஒரு பெண் குப்பியை அமுக்கிப்
பாளைக்குள் மகரந்தத் தூள் அடிக்கிறாள்,
குளிப்பாட்டிய பிள்ளைக்குப் பவுடர் போடுவதுபோல,
அவசரமாய், அடுத்த பிள்ளை காத்திருப்பதுபோல.
யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.
திரும்புகிறாள்.

சுழி.

வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது.
"தொழிலா" வரைக்கும் வந்து ஒலியும் நின்றது.
தாடை தெரிகிறது. உதடு, மூக்கு.
கண் இருக்க வேண்டிய இடத்தில்
சதுரம் சதுரமாய்ப் பழுப்பு.
ரயில்வே கேட்டுக்கு அந்தப்பக்கம் பஞ்சவர்ணமா?
பசாரில் கீரை விற்கிற அஞ்சாயியா?
இல்லை, கணக்கப்பிள்ளை பேரேட்டில் மட்டும்
பேர் இருந்த ஒருத்தியா?

ஐந்நூறு தீர்ந்தது.
நாளை வாருங்கள், அல்லது பணம் கட்டுங்கள்.
எந்த ஊர் நாளைக்கு?

மறுபடி அதே வரி. உங்கள் பகுதியில் கிடைக்காது.
கிடைக்காதாம்.
ஜன்னலைத் தள்ளினேன். சாரலோடு
ஆண்பாளையின் சோம்பு வாசம் உள்ளே வந்தது.
வண்டுக்கு அனுமதிக் கடிதம் இருந்தது.
எனக்கு இருந்தது ஒரு சுழி,
அதையும் மாற்றிவிட்டேன்.

இரண்டு மணி மாதிரி.
குடுவையைச் சுழற்றிக்கொண்டே
காரத்தைத் துளித்துளியாய் விடுகிறேன்.
இளஞ்சிவப்பு வரும், போகும், வந்து நிற்கும்.
நின்றதும் கையை நிறுத்த வேண்டும்.
ஒரு துளி கூடினால் முதலிலிருந்து.
பதிவேட்டில் நேரம், அமில அளவு.
இடம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கி
வழக்கமானதையே எழுதியது.

அஸ்ரி கதவில் தலை நீட்டினான்.
"முடிஞ்சதா, காக்?"
"திரும்புறதுக்குள்ள நின்னுபோச்சு."
"யாரு, தெரிஞ்சவங்களா?"
"மூக்கு வரைக்கும்" என்றேன்.