கால் மாத்திரை

தோர்டிஸின் நெஞ்சுக்குள் ஓர் உலோகக் கதவு.
அது திறந்து மூடும் ஓசை
உறைந்த வின்னிபெக் ஏரிமேல் நின்றால்
பக்கத்தில் வலை இழுப்பவனுக்கும் கேட்கும்.
"கடிகாரத்தை விழுங்கிட்டியா" என்பான் ஹால்டோர்.
தம்பி. அறுபது வயதிலும் அதே ஒரு நகைச்சுவை.

ஏரி உறையலாம். உறையத்தான் வேண்டும்,
ஜனவரியில் அதன்மேல் வண்டி ஓட்டிப் போனால்தான்
கிம்லியில் அடுப்பெரியும்.
அவள் ரத்தம் மட்டும் உறையக் கூடாது.
அதற்குத் தினம் ஒரு மாத்திரை.

முதல் வாரம் கழுத்தில் தடிப்பு.
பிறகு முதுகு, முழங்கை மடிப்பு, இமை.
நள்ளிரவில் நிலைக்கால் மூலையில் முதுகைத் தேய்த்து நிற்பாள்
வேலியில் உரசும் மாடு போல.
அளவு கூடிவிட்டதென்று நீலம் தந்தார்கள்,
குறைந்துவிட்டதென்று மஞ்சள்,
இடையில் கொஞ்சநாள் ஊதா.
எல்லா நிறமும் அரித்தது.
கம்பளித் தொப்பியைக் கழற்றினால் உள்ளே பாதித் தலைமுடி.

"பதற்றமாக இருக்கலாம்" என்றார் டாக்டர் டைக்.
புதிதாய் வந்த மருந்துகள் உலோகக் கதவுக்கு ஆகாதாம்.
ஊசி இருக்கிறது, வயிற்றில், நாளைக்கு இருமுறை.
போட்டுப் பார்த்தாள்.
எட்டு வாரத்தில் தொப்புளைச் சுற்றி
யாரும் பெயரிடாத நாடுகளின் வரைபடம்.

"எலி மருந்துதானே அது,
எலிக்கும் அரிச்சிருக்கும், சொல்லத் தெரியல" என்றான் தம்பி.
அவள் சிரிக்கவில்லை.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு
எந்தப் பக்கத்தை இவளுக்குக் காட்டுகிறது?

நான்கு நாள் யாருக்கும் சொல்லாமல் நிறுத்தினாள்.
ஆகா, என்ன தூக்கம்.
ஐந்தாம் நாள் காலை, மீன் வெட்டும் மேசையில்,
கையில் பிடித்திருந்த பொருளின் பெயர் மறந்துபோனது.
நாற்பது வருடம் பிடித்த பொருள்.
பத்து நிமிடம் அது வெறும் பளபளப்பு.
பிறகு வந்தது: கத்தி.

அதை மருந்துக்கடை லுஸ்விமிண்டாவிடம் மட்டும் சொன்னாள்.
அவள் திட்டினாள், இலோயிலோ மொழியில், மூச்சு விடாமல்.
உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று வண்டி ஏற்றினாள்.
மறுவாரம், கல்லாவுக்குக் குறுக்கே சாய்ந்து கேட்டாள்:
"வெள்ளை மாத்திரை சாப்பிட்டதுண்டா?"
இல்லை.
"மருந்து அரிக்காமல் சாயம் அரித்தால்?
பத்து மில்லிகிராமில் மட்டும் சாயம் கிடையாது.
உனக்கு அது ரொம்ப அதிகம், நறுக்கணும். டாக்டரிடம் நான் பேசுகிறேன்."
கொஞ்சம் தயங்கி,
"நறுக்க வருமா உனக்கு?"

தோர்டிஸ் சிரித்த சிரிப்பில்
இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தமிழில் மாத்திரை என்பது கண்ணிமைக்கும் பொழுதும்தான்.
மெய்க்கு அரை,
குறுகி ஒலிக்கும் மகரத்துக்குக் கால்.
இந்த இலக்கணம் அவளுக்குத் தெரியாது.
ஆனால் இரவு எட்டு மணிக்குச் சமையலறை விளக்கின் கீழ்
பிக்கரல் மீனின் கன்னச்சதையை எடுக்கும் அதே சிறு கத்தியால்
வெள்ளையை இரண்டாக்கி, தேவைப்படும் நாளில் நான்காக்கி,
அவள் செய்வதும் அதே கணக்கு.
திங்களும் வெள்ளியும் முக்கால்.
மற்ற நாட்களில், மெய்க்கு அரை.

மூன்றாம் வாரம் அரிப்பு போயிற்று.
முழுதாக இல்லை, இடது மணிக்கட்டில் ஓர் இடம் பாக்கி,
கடிகாரம் கட்டும் இடம்.
முடி திரும்பவில்லை.
இடது கைக்கு எஃகு வலைக் கையுறை.
கீரை எப்போதும் ஒரே பிடி, விருந்தானாலும் ஒரே பிடி.
விரல்நுனியில் குத்திப் பார்த்தால் ஒரு வாரம் இரண்டே முக்கால்,
ஒரு வாரம் நான்கு. நான்கென்றால் போன் வரும்.

கத்தி இறங்கும்போது கொஞ்சம் பொடி சிந்தும்.
எந்த மருத்துவக் கணக்கிலும் ஏறாத பொடி.
பலகையிலிருந்து அதை ஒற்றி எடுத்து
நாக்கில் வைத்துக்கொள்கிறாள்,
கசக்கிறதா என்று பார்ப்பவள் போல.