ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கெய்யோன் துறைமுகம், சால்மன் ஆலை,
மூன்றாம் வரிசை, எழுபத்தோராவது மீன்.
கத்தி மீனை முடித்துவிட்டு
நிற்க மறந்து என் மணிக்கட்டுக்குள் வந்தது.
முதலில் வலிக்கவில்லை.
சுண்டுவிரல் மட்டும்
சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டது.

முழங்கையை மேசையில் இடித்துக்கொண்டால்
சுரீரென்று ஒன்று ஓடுமே,
அந்த நரம்புதான் என்றார் காஸ்த்ரோ ஆஸ்பத்திரி டாக்டர்.
கழுத்தில் கிளம்பி, அக்குள் வழி இறங்கி,
முழங்கை எலும்பின் பின்னால் குனிந்து கடந்து
சுண்டுவிரலுக்கும்
பக்கத்து விரலில் பாதிக்கும்
சூடு எது, முள் எது என்று சொல்லுகிற கம்பி.
பாதிக்குத்தான்.
யார் செய்த பாகப்பிரிவினையோ,
மோதிரவிரலின் நடுவே வேலி ஓடுகிறது.

முடியைவிட மெல்லிய நூலால் உறையைத் தைத்தார்.
உள்ளிருக்கும் இழைகளைத் தைக்க ஆளில்லையாம்.
வெட்டுக்கு அப்பால் இருப்பவை உதிர்ந்துபோகும்,
குழாய்கள் மட்டும் காலியாகக் காத்திருக்கும்,
இந்தப் பக்கத்து முனைகள்
இருட்டில் துழாவித் துழாவி
அவற்றுக்குள் புக வேண்டும்.

நல்ல நரம்பில் ஒரு சேதி
கண்ணிமைப்பதற்குள் எங்கள் படகுத்துறையைத் தாண்டிவிடும்.
பாதை போடுவதுதான் தாமதம்:
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
"நகத்தைவிடப் பத்து மடங்கு வேகம்" என்றார்.
ஆறுதல்தான், வேறென்ன.

புதன்தோறும் யாஸ்னா வருவாள்,
மழைக்கோட்டை உதறுவாள்,
மணிக்கட்டிலிருந்து கீழ்நோக்கித் தட்டுவாள்.
எங்கே விர்ரென்கிறதோ அங்கே நீலப்பேனாவால் ஒரு கோடு.
இரண்டு கோடுகளுக்கு இடையில்
ஒரு வாரச் சம்பளம் போயிருக்கும்.

*

அடுத்த கட்டிலில் அண்ணன் நோல்பெர்த்தோ.
மட்டி எடுக்கப் போன முக்குளிப்பாளன்.
முப்பது மீட்டர் ஆழத்தில் காற்றுக்குழாய் இருமியது,
மூச்சுக்குப் பயந்து விறுவிறுவென்று ஏறினான்.
சோடாப் புட்டி திறந்ததுபோல்
ரத்தத்தில் குமிழிகள்;
சில முதுகுத்தண்டில் ஒதுங்கின.
இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி.

யாஸ்னா அவன் முட்டியையும் தட்டுவாள்.
கால் துள்ளி உதைக்கும், முன்னைவிடப் பலமாக.
முதன்முறை நான் கத்தியேவிட்டேன்.
அவள் தலையை ஆட்டினாள்:
சேதி தண்டுவடம் வரைதான் போனது,
அங்கேயே உத்தரவு வாங்கித் திரும்பிவிட்டது.
மேலே மூளைக்கு நகல்கூடப் போகவில்லை.
"நகராட்சிபோல" என்றான் அண்ணன்.

கேட்டே தீர வேண்டியிருந்தது, ஒரு புதன் கேட்டேன்.
எனக்கு மில்லிமீட்டர் என்றால்
அவனுக்கு எவ்வளவு?
யாஸ்னா பேனாவை மூடினாள்.
தண்டுக்குள் இழை அறுந்தால் தழும்பு எழும்பும்,
வளர வருவதை அங்குள்ள அணுக்களே தடுக்கும்.
ஒரே உடம்பு. ஒரே தாய் வயிறு.
எலும்புக்கு வெளியே ஒரு சட்டம், உள்ளே ஒரு சட்டம்.

அவன் தூங்கும்போது பார்ப்பேன்.
நெஞ்சு ஏறி இறங்கும்,
உருளைக்கிழங்குக் கஞ்சி
யாரையும் கேட்காமல் குடலில் நகரும்.
இத்தனையும் நடக்கிறது.
இத்தனையும் நடக்கிறது,
அவன் மட்டும் நடக்கவில்லை.

*

கடைசிக் கோடு விரல்நுனியைத் தொட்ட வாரம்
வெளியே ஆலங்கட்டி.
போர்வை விலகிய அவன் பாதத்தில்
சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன்.
ஜில்லென்றது.
ஐந்தரை மாதத்தில் அந்த விரல் சொன்ன முதல் சொல்.
ஆனால் சொன்ன இடம் பக்கத்து விரல்;
சில இழைகள் வழிதவறி
அயல்வீட்டில் குடியேறிவிட்டன.

நான் தொட்டதை அவன் அறியவில்லை,
என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான்:
"எப்படி இருக்கு என் கால்?"
"ஜில்லுன்னு."
"அப்ப அது இன்னும் கடல்லதான் இருக்கு."

கம்பளிக் காலுறையை மாட்டிவிட்டேன்.
முரமுரவென்றது,
தப்பான விரலில்.