தூக்க ஒன்றுமில்லை

வேலை அறிவித்தலில் ஏழாவது வரி:
சொந்த மோட்டர் சைக்கிள் இருத்தல் வேண்டும்.
மீற்றர் வாசிக்கிற வேலை.
ஒட்டுசுட்டானில் தொடங்கி
முத்தையன்கட்டு வாய்க்கால்மட்டும்
வீட்டுக்கு ஒரு இலக்கம், வீட்டுக்கு ஒரு நாய்.

கரடிப்போக்குச் சந்தியில்
பழைய பைக் விற்கிற தகரக் கொட்டகைக்கு
சுகிர்தாவோடு போனேன்.
புது வண்டி கப்பலேறாத வருசம்.
பன்னிரண்டு வயசுப் பல்சருக்கு
ஒரு பொம்பிளைக்குப் போடுகிற சீதனம் சொன்னார்கள்.

யதுர்சன் என்றொரு விற்பனைப் பெடியன்
என்னை ஒருக்கால் பார்த்தான்,
நேரே ஸ்கூட்டி நின்ற பக்கம் கூட்டிப்போனான்.
"கியர் இல்லை அக்கா, கிளச் இல்லை.
இருந்து திருகினால் சரி."
ரோசா நிறம். முன்பெட்டிக்குள் யாரோ மறந்த
மாதா படம்.
எடுத்திருக்கலாம்.
ஆனால் போன கார்த்திகை
கற்சிலைமடுக் களிக்குள் புதைந்த
சுகிர்தாவின் ஸ்கூட்டியை நாலுபேர் தூக்கிக்கொண்டு வந்தவை.
பாடையைப் போல.
அவள் பின்னால் அழுதுகொண்டு வந்தவள்.

சொல்ல விட்டுவிட்டேன்.
என் இடக்கால் முழங்காலுக்குக் கீழே
அளவெடுத்துச் செய்தது.
இது மூன்றாவது.
முதல் இரண்டையும் விட்டு நான் வளர்ந்துவிட்டேன்.
இதற்குக் கணுக்கால் மடங்காது.
மிதி என்றால் மிதிக்கும்.
தூக்கு என்றால்
முழுத் தொடையும் எழும்பி வரவேணும்,
சபையில் தலைவரை வரவேற்க எழும்புகிற மாதிரி.

பைக் செய்கிறவன் எல்லாரும்
கியரை இடப்பக்கம்தான் வைக்கிறான்.
என்னைக் கேட்டு வைக்கவில்லை.

அப்பாச்சியில் ஏறிப் பார்த்தேன்.
அழகன். தாங்கியில் சிவப்புக் கோடு.
முதலாவது கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே,
பெருவிரலால் ஏந்தி ஏந்தித் தூக்கவேணும்.
என் பெருவிரல் றப்பர்.
இறங்கினேன்.

மூலையில் ஒரு சீ.டி. நூறு.
கறுப்பு வெளுத்துச் சாம்பல்.
பின்கரியரில் பால் கான் உரசிய வளையத் தழும்பு.
"அது வேண்டாம் அக்கா, மாங்குளத்துப் பால்காரர் ஓடினது."
குனிந்து பார்த்தேன்.
முன்னுக்கும் பின்னுக்கும் நீண்ட கியர்த் தண்டு.
முன்நுனியை மிதித்தால் ஏறும்,
பின்நுனியைக் குதியால் மிதித்தால் இறங்கும்.
நாலும் அப்படித்தான்.
தூக்க அங்கே ஒன்றுமேயில்லை.

ஏறி இருந்து,
பின்சில்லைச் சுகிர்தா உருட்ட உருட்ட
மிதித்துப் பார்த்தேன்.
டொக்.
டொக்.
இரண்டாம் டொக்கில் யதுர்சனுக்குச் சத்தம் பிடிபட்டது.
சப்பாத்தைப் பார்த்தான், பிறகு வானத்தைப் பார்த்தான்,
பிறகு தொண்டையைச் செருமி
ஐயாயிரம் குறைக்கலாம் என்றான்.
"பின் ரயர் மொட்டை. அதுக்குக் குறை.
காலுக்குக் குறைக்காதே."
பெடியன் யோசித்து
ரயருக்கு எட்டாயிரம் குறைத்தான்.

எல் பலகை கட்டி
சுகிர்தா பின்னால் இருக்க வெளிக்கிட்டோம்.
பள்ளிக்கூட மைதானத்தில்
வட்டமாக ஓடிப் பழகினவளுக்கு
ஏ ஒன்பது நேராகக் கிடந்தது.
ஓடுவது சுகம்.
நிற்பாட்டுவதுதான் நெஞ்சிடி.
நிற்கும்போது ஊன்றுவது இடக்கால்,
வலக்காலுக்கு பிரேக்கில் வேலை.
ஊன்றுகிற இடம் கல்லா மணலா என்று
இடக்கால் எனக்குச் சொல்லாது.

முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும்.
சுகிர்தா சில்லறையைப் பொத்திக்கொண்டு
"நிப்பாட்டடி, நிப்பாட்டடி" என்று முதுகில் குத்த
நான் பிள்ளையாரைத் தாண்டிப் போய்விட்டேன்.
கச்சான் விற்கிறவ வாயைப் பிளந்தபடி நின்றா.
ஓடத்தான் தெரியும் அப்பனே,
நிற்கப் பழகிக்கொண்டு வாறன்.

பனிக்கன்குளத்தில் மாடுகள்.
றோட்டு நிறைய, ஏதோ கூட்டத்துக்கு வந்தவை போல.
குதியால் ஒன்று. குதியால் இன்னொன்று.
வலக்கால் பிரேக்.
இடக்காலை எடுத்துத் தாரில் வைத்தேன்.
கண்ணால் பார்த்து வைத்தேன்.

நின்றது.

சுகிர்தா மூச்சு விட்டது காதில் கேட்டது.
கடைசி மாடு, ஒரு சினைப்பசு,
நடுறோட்டில் நின்று எங்களைப் பார்த்தது.
பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான்.
அடிக்கட்டும்.
நான் இன்னும் கொஞ்சம் நின்றேன்.