பனிப் பொத்தான்

கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் சின்னப் பொத்தான்,
அதில் ஆறு முனை நட்சத்திரம்.
இது என்னத்துக்கு என்று கேட்டேன்.
"ஸ்னோ, மேடம்" என்றான் திலும்.
வெளியே கிராண்ட்பாஸ் வெயிலில்
தார் குழைந்துகொண்டிருந்தது.
அவன் சேட்டுக் கொலர் நனைந்து முதுகுவரை இறங்கியிருந்தது.
மூவரும் சிரித்தோம்.
முதலில் நிறுத்தியவர் மஹ்ரூப் நானா.
பொனட்டைத் திறந்தார்.

கைப்பையில் மாற்றல் கடிதம்:
ஜனவரி ஒன்று, நுவரெலியாவுக்கும் மேலே,
கால்நடை வைத்தியர் அலுவலகம்.
கன்று குறுக்கே கிடப்பது
எந்தப் பட்டியிலும் விடியப்புறம் மூன்று மணிக்குத்தான்.
அந்த நேரம் அங்கே புல்லெல்லாம் உறைபனி,
கிழங்குச் செடி கருகி நிற்கும்,
முன்னால் போகிற லொறியின் சிவப்பு விளக்கை
மூடுபனி விழுங்கிவிடும்.
எனக்கு முன் அங்கிருந்த ஜயலத் போனில் சொன்னார்:
ஏடிஎம் அட்டையை மறக்காதே,
முன்கண்ணாடியைச் சுரண்ட அதுதான் உதவும்.
காசு எடுக்கவா? மெஷின் பதினெட்டுக் கிலோமீற்றர் தள்ளி.

குகதர்சன் இரவெல்லாம் கணக்குப் போட்டிருந்தான்.
ஹைபிரிட் என்றால்
மருதானைச் சந்தியில் நிற்கையில் பெற்றோல் குடிக்காதாம்.
நான் மருதானையில் நிற்கப்போவதில்லையே என்றேன்.
பேனையை மூடிவிட்டு, பிறகு திறந்தான்.
சரி, இறங்கும்போது பற்றரி நிறையும்,
ஏறக் கொடுத்த கடனை
இறக்கத்தில் வசூலிக்கிற வண்டி.
ஏற்றத்தின் பாதியில் கடன் தீர்ந்துபோனால்?
அதற்கு அவனிடம் நிரல் இல்லை.

திலும் கதவுகளைத் திறந்து திறந்து மூடினான்.
நாற்பத்தோராயிரம்தான் ஓடியிருக்கு, ஒரே ஓனர்,
நாலு சக்கரமும் இழுக்கும்.
பின்சீற்றுக்குக் கீழே பற்றரி,
இந்த ஓட்டையால்தான் அது மூச்சு விடும்,
மயிர் மட்டும் போகக் கூடாது.
நான் என் கையைப் பார்த்தேன்.
காலையில் தெமட்டகொடையில் பிடித்த ஆட்டின் மயிர்
இன்னும் மணிக்கட்டில்.

எருமையின் வயதை நான் பல்லில் பார்ப்பவள்.
மைல் மீற்றர் என்ன சொன்னாலும்
பிரேக் மிதியின் றப்பர்
ஒரு பக்கம் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது.
சாவியைத் திருப்பினதும்
டாஷ்போட்டுக்குள்ளிருந்து ஒருத்தி
ஜப்பானில் ஏதோ எச்சரித்தாள்,
மரியாதையாக, இரண்டு தரம்.
அவள் சொல்வது விளங்குமா என்றேன்.
"எல்லா வண்டியிலும் சொல்லும் மேடம்."

பஞ்சிகாவத்தையில்
மஹ்ரூப் நானாவின் மச்சான் கராஜில் தூக்கிப் பார்த்தோம்.
அடிவயிறு முழுக்கப் பொருக்கு.
ஸ்க்ரூட்ரைவரால் ஒரு குத்து,
துரு கொத்தாய் உதிர்ந்து அவர் தாடியில் விழுந்தது.
"பனி ஊரு வண்டி, டொக்டர்.
ரோட்டில் ஐஸ் உருக உப்புப் போடுவாங்க.
பனிக்குச் செஞ்சதைப் பனியே தின்னிருக்கு."
அதோடு, தரைக்கும் வயிற்றுக்கும் நடுவில்
கையை விரித்துக் காட்டினார்.
ஒரு சாண் முழுசாய் இல்லை.
தோட்டத்து ரோட்டில் கல் இதைவிடப் பெரிசு.

வேண்டாம் என்றதும் திலுமின் முகம்
கடை ஷட்டர் மாதிரி இறங்கியது.
பொருட்களைத் திருப்பி வைக்கையில்தான்
டாஷ்போட் அறையில் அது கிடந்தது:
நீலப் பிளாஸ்டிக் சுரண்டி, முனை தேய்ந்து,
பிடியில் யாரோ சுற்றிய டேப்.
யாரோ ஒருத்தரும் இருட்டில் எழும்பி
யாரையோ பார்க்கப் போயிருக்கிறார்.
இதை மட்டும் தருவியா என்றேன்.
எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கை காட்டினான்,
விலை கேட்காத முதல் பொருள்
அந்த யார்டில்.

வாங்கியது வேறு.
இதைவிட ஐந்து வருடம் மூத்தது,
ஹைபிரிட்தான், உயரம், கறுப்பு,
நட்சத்திரப் பொத்தான் இல்லை.
அடியில் துரு இல்லை என்று
மஹ்ரூப் நானா தாடியைத் தடவிச் சத்தியம் செய்தார்.
லீசிங் நாலு வருடம்.
குகதர்சன் பின்சீற்று ஓட்டைக்கு
நுளம்பு வலையை வெட்டி ஒட்டியிருக்கிறான், கோணலாக.

இன்னும் பதினொரு நாள்.
மருதானைச் சந்தியில்தான் நிற்கிறேன்,
எஞ்சின் சத்தமே இல்லை,
நின்றுவிட்டதோ என்று நெஞ்சு ஒருகணம் திடுக்கிடுகிறது.
மேலே வயரில் வரிசையாய்க் காகங்கள்.
வீட்டுக்கு வந்து
சுரண்டியை எடுத்து முன்கண்ணாடியில் வைத்தேன்.
அதுவும் வெள்ளைதான்,
காய்ந்தால் லேசில் வராது.