முக்கால் லிட்டர்

செவ்வாயும் வெள்ளியும் திருவாரூரில் டயாலிசிஸ்.
மற்ற நாளெல்லாம்
குட்டியானை எங்கே நிற்கிறதோ அதுதான் விலாசம்.

வேதாரண்யத்து மூட்டைகளின் மேல்
பாய் விரித்துப் படுக்கிறேன்.
"உப்பைத் தொடாதீங்க" என்றார் நர்ஸ் பிலோமினா.
விற்கலாமா என்றேன்.
சிரிக்கவில்லை.

நாளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்,
மாத்திரைக்கு விழுங்குவதும் சேர்த்து.
ரேடியேட்டருக்கு மட்டும் கணக்கில்லை.

கொள்ளிடத்து மணலில் நிறுத்திய இரவுகளில்
எனக்கும் ஆற்றுக்கும் ஒரே பத்தியம்.

நேற்று வெண்ணாற்றுக்குள் இறக்கிவிட்டுத் தூங்கினேன்.
விடிவதற்குள் டயருக்கடியில் என்னவோ சலசலப்பு.
மேட்டூர்த் தண்ணீர்,
நுரையும் ஒற்றைச் செருப்புமாய்.

குனிந்து கைவிட்டேன் மணிக்கட்டு வரை,
ஊசி ஏறும் கை அல்ல,
மற்றது.

நக்கிப் பார்க்கவில்லை.
ஈரக் கையோடு சாவி திருகி
வண்டியைக் கரையேற்றினேன்,
மூட்டை நனைந்துவிடுமே.