எண்ணெய்க்கடை

பலகையில் இன்னும்
ஜெயவிலாஸ் எண்ணெய் மண்டி என்றுதான் இருக்கிறது.
வாரத்துக்கு ஒருவராவது தூக்குவாளியோடு வந்து
அரை லிட்டர் நல்லெண்ணெய் கேட்கிறார்கள்.
எதிர்ச்சாரிக் கடையைக் கைகாட்டுவாள் சகாயராணி.
பலகைக்குப் பெயின்ட் அடிக்கிற காசில்
இருபது கவிதைப் புத்தகம் வாங்கிப் போடலாமாம்.
அந்த இருபதும் விற்க
எத்தனை வருசம் ஆகும் என்று
நான் கேட்டதில்லை.

தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம்
மோட்டார் காயில் கட்டும் கடைக்கும்
கேரம் கிளப்புக்கும் நடுவில்
எட்டடிக்குப் பதினாறு.
கன்டெய்னர் லாரி திரும்பும்போதெல்லாம்
மேல்தட்டு அகராதிகள் அரை அங்குலம் முன்னால் வரும்.
சாயங்காலம் அவற்றை உள்ளே தள்ளிவிட்டுத்தான்
ஷட்டரை இறக்குவாள்.

அடுக்கியதில் ஒழுங்கு கிடையாது,
அவளுக்குத் தவிர.
சட்டப் புத்தகம் வாசலிலேயே,
ஸ்டேஷனுக்கு ஓடுகிற வழியில் எடுத்துப் பார்க்க.
குத்துச்சண்டை அரசியலுக்குள்.
சமையல் வரலாற்றுக்குள்.
அழவைக்கிற நாவலெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில்,
தண்ணீர் பாட்டில் அங்கேதான் இருக்கிறது.
மாற்றி வைக்கலாமே என்றால்
"கரீக்டாத்தான் கீது" என்பாள்.

நான் காசிமேட்டில் ஐஸ் உடைப்பவன்.
முதன்முதல் அங்கே போனது மழைக்கு ஒதுங்க.
விரலெல்லாம் மரத்து
பக்கம் புரட்ட வரவில்லை.
டீ கிளாசை நீட்டினாள்:
"கைய சூடு பண்ணிக்கோ, அப்பறம் தொடு."
புத்தகத்துக்காகச் சொன்னாளா
கைக்காகச் சொன்னாளா,
ஏழு வருசமாகத் தெரியவில்லை.

போன டிசம்பரில்
காட்டன் கால்வாய் கடைக்குள் வந்தது.
தொடையளவு. கறுப்பு. இரண்டு நாள் போகவில்லை.
கீழே நான்கு தட்டும் ஊறி
நாவல்கள் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தன.
ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன்.
அவள் கேட்டது வேறு:
"உங்க கோல்டு ரூம்ல எடம் கீதா?"

நனைந்த தாளை உறையப் போட்டால்
பூஞ்சை பிடிக்காதாம்.
பிறகு நிதானமாக
ஒவ்வொன்றாகக் காயவைத்துக்கொள்ளலாமாம்.
எங்கே படித்தாய் என்றேன்.
அந்தப் புத்தகமும் நனைந்துவிட்டது என்றாள்.

புயலில் ஒரு போட்டும் கடலுக்குப் போகவில்லை.
ரூம் காலி.
இத்ரீஸ் பாய் தாடியைத் தடவிக்கொண்டு
"மீன் வர்ற அன்னிக்கி உன் பொஸ்தகம் வெளிய" என்றார்.
கேரம் பசங்க சைக்கிளிலும் தலையிலுமாக
மீன் கூடைகளில் சுமந்து வந்தார்கள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
எண்ணியது நான்.
வஞ்சிரம் படுக்கிற இடத்தில்
ருஷ்ய நாவல்களைப் படுக்கவைத்தேன்,
முதுகு கீழே இருக்கும்படி.

பாய் சொன்ன கெடு பத்தாம் நாள் வந்தது.
போட்டும் வந்தது, மீனும் வந்தது.
அவர் பார்க்காத மாதிரி
மூலையைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு
கணக்கு எழுதப் போய்விட்டார்.

ஒரு நாளைக்கு எட்டு என்று வெளியே எடுத்தோம்.
காயில் கடை தயாநிதி
வார்னிஷ் காயவைக்கிற பல்புப் பெட்டியைக் கொடுத்தான்.
ஒட்டிக்கொண்ட பக்கங்களுக்குள்
யாரோ கேரம் பவுடரைத் தூவிவிட்டான்.
அதற்கு மட்டும் சகாயராணி கத்தினாள்.

எல்லாம் பிழைக்கவில்லை.
அறுபது, எழுபது போய்விட்டது.
ஓவியப் புத்தகம் ஒன்று
செங்கல்லாகி
இப்போது கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது.

மற்றதெல்லாம் வாசலில் மேசை போட்டு,
அட்டையில் எழுதினாள்:
மீன் வாசனை. பாதி விலை. முகர்ந்து பார்த்து வாங்கவும்.
கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு லா காலேஜ் பெண்
ஒன்பது வாங்கினாள்.
கூடைக்காரம்மா ஒருத்தி முகர்ந்துவிட்டு
"இது வஞ்சிரம் இல்ல, சங்கரா" என்று
பேரனுக்குக் கணக்குப் புத்தகம் எடுத்துப்போனாள்.

எனக்கும் ஒன்று.
அறுபத்தோராம் பக்கத்தில்
ஒரு செதில் ஒட்டியிருக்கிறது.
எடுக்கவில்லை,
அது மறைக்கிற வார்த்தை எனக்குத் தெரியும்.

ராத்திரி அதை மார்பில் போட்டுத் தூங்கிவிட்டேன்.
விளக்கை அணைக்க வந்த லூர்து
மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்:
"இன்னைக்கி வேலைக்குப் போனியா,
எண்ணெய்க்கடைக்குப் போனியா?"